வயலை விற்காமல் வீடு கட்டலாம்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



விதை நேர்த்தி, உர அளவு, பூச்சி மேலாண்மை என்று பேசுகிற வேளாண்மை அலுவலர் இன்றைக்கு வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. காவிரிப் பாசனப் பகுதியில் எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும், நெல்லைப் பற்றிப் பேசி முடித்ததும், "ஐயா, ரோட்டோரத்துல ஒரு மா கிடக்கு, அதைக் குடுத்துட்டு வீட்டை முடிச்சிடலாமா?" என்று யாராவது கேட்கிறார்கள். வீட்டுக்காக ஒரு மா போனால் போனதுதான். அதற்குப் பிறகு அங்கே எந்த விதையும் இல்லை, எந்த உரமும் இல்லை. ஆகவே இதுவும் வேளாண்மை பற்றிய பேச்சுத்தான்.

வீட்டு விலை ஏறிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறோம். எது ஏறியது என்று பிரித்துப் பார்ப்போம்.

2011-12-ல் தமிழக அரசு பசுமை வீடு திட்டத்தைத் தொடங்கியபோது, 300 சதுர அடி வீட்டுக்குச் சூரிய விளக்கு உட்பட 1,80,000 ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அந்த ஆண்டு சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 1,080 ரூபாய். அதாவது ஒரு வீடு என்பது 167 குவிண்டால் நெல். 2024-25-ல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் வைத்தார்கள். அந்த ஆண்டு நெல்லின் ஆதார விலை 2,300 ரூபாய். கணக்குப் போட்டால் 152 குவிண்டால். அரசுத் தொகைக்கு மேல் கைக்காசு போவது அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. ஆனாலும் அரசு போட்ட கணக்கின்படி சின்ன வீட்டின் விலை நெல் விலையோடு கூடவே நடந்து வந்திருக்கிறது. ஓடிப் போகவில்லை.

அப்படியானால் நம் கைக்கு எட்டாமல் ஓடிப் போனது எது? இரண்டு. ஒன்று, மனையின் விலை. இன்னொன்று, நாம் கட்ட ஆசைப்படுகிற வீட்டின் அளவு.

மனை விலை நெல்லைப் பார்த்து ஏறுவதில்லை

முதலில் மனையை எடுத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு, மூன்று ஏக்கர், அதாவது ஏறத்தாழ 9 மா நஞ்சை உள்ள ஒரு குடும்பம். சம்பா ஒரு போகம். ஏக்கருக்கு 60 சிப்பம், சிப்பம் 40 கிலோ. 2025-26 பருவத்தில் தமிழக அரசு ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய் என்று அறிவித்தது. அப்படியானால் சிப்பம் ஆயிரம் ரூபாய். ஏக்கருக்கு 60,000. உழவு, நாற்று, நடவு, உரம், அறுவடை என்று 35,000 செலவு போனால் மிச்சம் 25,000. ஒரு மா நிலத்துக்கு 8,300 ரூபாய் சொச்சம்.

அதே ஒரு மா, 33 சென்ட், சாலையோரத்தில் சென்ட் 20,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6,60,000 ரூபாய். அந்த ஒரு மா விளைந்து விளைந்து அவ்வளவு பணத்தைக் கொடுக்க 79 வருஷம் ஆகும்! இதிலிருந்து என்ன தெரிகிறது? அந்த விலையை நெல் நிர்ணயிக்கவில்லை. சாலையும், பேருந்தும், வெளியூர்ச் சம்பளமும் நிர்ணயிக்கின்றன. விளைச்சலை நம்பி மனை வாங்கப் போகிறவர், சம்பளக்காரரோடு ஏலத்தில் உட்கார்ந்த மாதிரிதான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். நாம் விற்கும்போது சென்ட் கணக்கில் விற்கிறோம். வாங்கும்போது சதுர அடிக் கணக்கில் வாங்குகிறோம். சென்ட் 20,000 என்றால், ஒரு சென்ட் 435.6 சதுர அடி; சதுர அடிக்கு 46 ரூபாய்தான் நமக்கு வந்தது. ஏக்கருக்கு 43,560 சதுர அடி. அதில் சாலை, பூங்கா என்று நூற்றுக்கு நாற்பது போனால், மனையாக விற்கக் கிடைப்பது 26,000 சதுர அடி. அந்த அடக்கத்துக்கு 77 ரூபாய் ஆகிறது. அதற்கு மேல் மண் அடிப்பது, சாலை போடுவது, அங்கீகாரச் செலவு, தரகு, வட்டி, விளம்பரம், லாபம் எல்லாம் ஏறி, சதுர அடி 300 ரூபாய்க்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா 46 ரூபாய்க்கு விற்ற இடத்தில், தனிக்குடித்தனம் போகிற மகன் 300 ரூபாய் கொடுத்து மனை வாங்க வேண்டும்.

விற்றால் லாபம் இல்லையா?

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "79 வருஷ விளைச்சல் ஒரே நாள்ல கைக்கு வருதுன்னா விக்கிறதுதானே புத்திசாலித்தனம்?" நியாயமான கேள்விதான். மழுப்பக் கூடாது. காகிதத்தில் கணக்குப் பார்த்தால் விற்பதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். வேறு இடத்தில் நிலம் வாங்கினாலோ, வங்கியில் வைப்பாகப் போட்டாலோ அது வருமானம் தரும். வீடாக மாறினால் வருமானம் தராது. வெள்ளையடிக்கிற செலவும் வீட்டு வரியும்தான் வைக்கும். ஆகவே நான் சொல்வது இதுதான்: நிலத்தை விற்கவே கூடாது என்பதல்ல. நிலம் விற்ற காசு நிலமாகவோ முதலாகவோ இருக்கட்டும். அது சுவராக மாற வேண்டாம்.

இதில் பக்கத்து வயல்காரர் சங்கதியும் இருக்கிறது. தாழ்வான நஞ்சையில் மூன்றடி உயரம் மண் அடித்து மனை போட்டால், வாய்க்கால் தூர்ந்து போகிறது, வடிகால் அடைபடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்வயல் சம்பா முழங்கால் தண்ணீரில் நின்று அழுகுகிறது. அழுகின வயலை வைத்துக்கொண்டு என்ன செய்யறது என்று அவரும் விற்கிறார். 2020-ல் காவிரிப் பாசனப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்ததே என்பீர்கள். அந்தச் சட்டம் தடை செய்வது எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், தோல் பதனிடுதல், உருக்காலை போன்றவற்றை. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மனைப்பிரிவுக்கு ஆட்சேபம் இருந்தால், நிலப்பயன் மாற்றத்துக்கு விண்ணப்பம் போகும்போதே வாய்க்கால், வடிகாலைச் சொல்லி ஊரார் எழுதிக் கொடுக்க வேண்டும். மண் அடித்த பிறகு பேசிப் பயனில்லை.

மனை உங்கள் தெருவிலேயே இருக்கலாம்

வயலைத் தொடாமல் இடத்துக்கு எங்கே போவது? முதலில் உங்கள் ஊர் நத்தத்தைப் பாருங்கள். நம் கிராமங்களில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன! சென்னைக்கும், திருப்பூருக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போனவர்களின் வீடுகள் ஓடு சரிந்து, ஆமணக்கு முளைத்துக் கிடக்கின்றன. விலை மலிவாகத்தான் இருக்கும். ஏன் கைமாறவில்லை? தாத்தா பேரில் பட்டா, பேரன் பேத்தி பதினாறு பேர், பாகப்பிரிவினை ஆகவில்லை. ஒருவர் கையெழுத்துக்காக இடமே முடங்கிக் கிடக்கிறது.

உங்கள் சொந்தக் குடும்பத்திலும் இதே நிலைமை இருக்கும். அப்பா இருக்கும்போதே, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு எழுதினால் அது பின்னால் வழக்கில்தான் முடியும். பிறகு உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு மனை வாங்குகிற செலவில் சிறு பங்குதான். கைவசம் இருக்கிற மனையை முடக்கி வைத்துவிட்டு, நாலு மைல் தள்ளி நஞ்சையில் மனை தேடுவது, களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டுக் கடன் நெல் வாங்குகிற கதை.

மனை வாங்கியே ஆக வேண்டும் என்றால்

சிலருக்கு வேறு வழியில்லை. அவர்கள் ஐந்து சங்கதிகளைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஒன்று, அங்கீகாரம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு 2017-ல், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை முறைப்படுத்த அரசு விதி கொண்டு வந்தது. ஆகவே நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண், அல்லது முறைப்படுத்திய ஆணை, இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "பஞ்சாயத்துல சொல்லிட்டோம்" என்கிற வாய்வார்த்தை அங்கீகாரம் ஆகாது.

இரண்டு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு 2016-ம் ஆண்டு மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவாகியிருக்க வேண்டும். விளம்பரத்திலேயே அந்த எண்ணைப் போட வேண்டும்.

மூன்று, பட்டா, மூலப் பத்திரம், குறைந்தது முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று.

நான்கு, மனைக்குப் போகிற பாதை. மனைப்பிரிவுச் சாலையை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால் விளக்கும் வராது, குடிநீரும் வராது.

ஐந்து, பதிவுச் செலவு. கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 என்று 2023 ஏப்ரலில் மாற்றினார்கள். 1,200 சதுர அடி மனை, சதுர அடி 300 என்றால் 3,60,000 ரூபாய். அதற்கு மேல் 32,400 ரூபாய். 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறைவு என்று 2025 ஏப்ரலில் சலுகை வந்தது. இந்த மனையில் அது 3,600 ரூபாய். வீட்டுத் தாய்மார் பெயரில் சொத்தும் சேரும், காசும் மிஞ்சும்.

அளவுதான் கடனைத் தீர்மானிக்கிறது

அடுத்தது வீட்டின் அளவு. 1985-ல் இந்திரா நினைவு வீட்டுத் திட்டம் வந்தது. 2016 முதல் அதன் இடத்தில் பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் வந்தது. அதில் வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. எந்தத் திட்டமானாலும் பணம் கட்டிலோ மூட்டையிலோ வராது; கடைக்கால், சுவர், தளம் என்று வேலை ஏற ஏறத் தவணையாக வங்கிக் கணக்கில் வரும். உங்கள் பகுதியில் இப்போது எந்தத் திட்டத்தில் பயனாளிகளை எடுக்கிறார்கள் என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இதில் நான் ஊருக்கு ஊர் பார்க்கிற தவறு ஒன்று. அரசு 360 சதுர அடிக்குப் பணம் தருகிறது. நாம் "கட்டுறதே ஒரு தடவை, கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்" என்று 600 சதுர அடிக்குக் கடைக்கால் தோண்டிவிடுகிறோம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தாலும், அந்தக் கூடுதல் 240 சதுர அடிக்கு மட்டும் 4,80,000 ரூபாய். அது 480 சிப்பம் நெல்; எட்டு ஏக்கர் விளைச்சல். லிண்டல் மட்டத்தில் பணம் தீர்ந்து போகும். வேலை நின்றால் அடுத்த தவணையும் நிற்கும். அப்போதுதான் வட்டிக்காரர் வீட்டுப் படி ஏறுகிறோம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொன்னது இந்த இடத்துக்குத்தான்.

கடன் வாங்கினால் எவ்வளவு வாங்கலாம்? ஒரு சுலபமான அளவுகோல் சொல்கிறேன். வருஷத்தில் கைக்கு மிஞ்சுகிற வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுத் தவணைக்குப் போகக் கூடாது. முன்னே சொன்ன 9 மா குடும்பத்துக்கு மிச்சம் 75,000. மூன்றில் ஒரு பங்கு 25,000. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நூற்றுக்கு 9 வட்டியில், பத்து வருஷத் தவணையில் ஒன்றரை லட்சம் வாங்கினால் மாதம் 1,900, வருஷத்துக்கு 22,800. இது தாங்கும். மூன்று லட்சம் வாங்கினால் மாதம் 3,800, வருஷத்துக்கு 45,600. கறவை மாடோ, ஒரு பிள்ளையின் சம்பளமோ இருந்தால்தான் தாங்கும்.

அதே மூன்று லட்சத்தை வெளியே இரண்டு வட்டிக்கு வாங்கினால்? மாதம் 6,000, வருஷத்துக்கு 72,000. ஒன்பது மா விளைச்சலும் வட்டிக்கே சரி. அசல் அப்படியே நிற்கும். மூன்று வட்டி என்றால் 1,08,000, விளைச்சலும் போதாது. இந்த வழியில்தான் வீடு கட்டிய மூன்றாம் வருஷம் சாலையோர மா விலைக்கு வருகிறது. வயலை விற்று வீடு கட்டாதவரும், வட்டி மூலமாக வயலை விற்றவர் ஆகிவிடுகிறார்.

படிப்படியாகக் கட்டுவது

ஆகவே இன்றைக்கு நானூறு சதுர அடிக்குள் ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, கழிப்பறை என்று முழுமையாக முடியுங்கள். பின்னால் பெரிதாக்க வேண்டுமானால் அதற்கும் இப்போதே வழி வையுங்கள். எந்தப் பக்கம் அறை சேர்ப்பது, மாடிப்படி எங்கே என்பதைக் கடைக்கால் போடும் முன்பே பொறியாளரிடமோ அனுபவமுள்ள கொத்தனாரிடமோ பேசி முடிவு செய்யுங்கள். மாடி எடுக்கிற எண்ணம் இருந்தால் அதற்குத் தகுந்த கடைக்கால் இன்றைக்கே வேண்டும். அதைப் பின்னால் சேர்க்க முடியாது. பூச்சு, தரைக்கல், வர்ணம் எல்லாம் அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கலாம். கடைக்காலும் தளமும் காத்திருக்காது. அங்கே சிக்கனம் கூடாது.

நம் பகுதிக் களிமண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். ஆகவே கடைக்காலுக்கு அடியில் மணல் நிரப்பிக் கெட்டிப்படுத்துவது நல்லது. தரை மட்டத்தை முன்பு வெள்ளம் வந்த அளவுக்கு மேல் வையுங்கள். தெருச் சாலையும் போடப் போட உயருகிறது என்பதை மறக்க வேண்டாம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது கூரை வீடும் ஓட்டு வீடும் பட்ட பாடு நாகை, திருவாரூர், தஞ்சை மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னதானாலும் உறுதியான தளம் வேண்டும்.

தை அறுவடை முடிந்து, மாசியில் கடைக்கால் போட்டால், ஆவணிக்குள் தளம் ஒட்டிவிடலாம். அந்த மாதங்களில் உங்கள் வீட்டு ஆட்களும் மண் நிரப்ப, தண்ணீர் ஊற்றக் கிடைப்பார்கள். பழைய வீட்டின் நிலை, கதவு, ஜன்னலில் நல்லதைப் பயன்படுத்துங்கள். சிமெண்டுக்கு விதித்த சரக்கு சேவை வரி 2025 செப்டம்பரில் நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது; கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையத்தில் அனுமதி பெறும் வழி 2024 ஜூலையில் வந்தது. அனுமதி இல்லாமல் தொடங்க வேண்டாம். வங்கிக் கடனுக்கும் அது தேவை.

நிலமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை

வயலே இல்லாத உழைப்பாளி மக்களுக்கு இந்தப் பேச்சில் என்ன இருக்கிறது? அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முதல் படி பட்டா. 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டம், கிராமங்களில் பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையையே உரிமையாக்கியது. ஆனால் அந்த உரிமை பல குடும்பங்களில் தாத்தா பேரில் இருக்கிற பழைய காகிதத்தோடு நின்றுபோயிற்று. அதைத் தேடி எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம் போடுங்கள். மனையே இல்லாதவர்கள் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுப்பதை விட, தெருவாகச் சேர்ந்து கொடுத்தால் இடம் தேடுவது எளிது. எந்த வீட்டுத் திட்டத்திலும் அதிகாரி முதலில் கேட்பது "இடத்துக்குப் பட்டா இருக்கா?" என்றுதான்.

உழவர் பெருமக்களே! சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். மனை விலையைச் சாலை நிர்ணயிக்கலாம். உங்கள் வீட்டின் அளவை உங்கள் விளைச்சல் நிர்ணயிக்கட்டும். சொந்த நத்தத்தை முதலில் ஒழுங்கு செய்யுங்கள். மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை வேண்டாம். வட்டிக்காரர் பணத்தில் தளம் ஒட்ட வேண்டாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். இன்றைக்குச் சின்னதாகக் கட்டிய வீட்டை நாளைக்குப் பெரிதாக்கலாம். இன்றைக்கு விற்ற ஒரு மாவை நாளைக்கு அந்த விலைக்கு எவரும் திருப்பித் தரமாட்டார்கள்.

இந்தப் பங்குனிக்கு வீடு தொடங்குகிற எண்ணம் உள்ளவர்கள், இன்றிரவே வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் வரவையும் செலவையும் எழுதிப் பாருங்கள். கொத்தனாரைப் பார்ப்பது அதற்குப் பிறகு.